ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் நடுவில்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மெர்ல் ஸ்டோபெக் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். எதிர்வரிசையில் என் தம்பி ராய்ஸின் மேசை அப்போதும் திறக்கப்படவில்லை, போர்த்திய துணி போர்த்தியபடியே கிடந்தது. எங்கள் ஓஹையோ ஊரின் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மாதம் ஒருமுறை நாணயச் சந்தை நடக்கும். முப்பது வருஷத்தில் ராய்ஸ் ஒரு தடவைகூடத் தாமதமாக வந்ததில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறான், முதல் பெண்டாட்டி ஓடிப்போன மறுநாள்கூட வந்து கடை விரித்திருக்கிறான்.

"தம்பியத் தேடறியா? வருவான், வருவான்" என்றார் ஸ்டோபெக். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டை உறையை எடுத்து என் விளக்குக்குக் கீழே வைத்தார். "பார்வை கேக்கறேன் எல்டன்."

பார்வை கேட்பது எங்கள் ஆட்களின் பழக்கம். ஒரு காசின்மேல் சந்தேகம் வந்தால் விற்றவனும் வாங்கியவனும் கட்டிப் புரளமாட்டார்கள். கூடத்தில் மூன்றாவது ஆள் ஒருவனிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு நல்லது என்பான், அல்லது கெட்டது என்பான். கூலி கிடையாது, மறுபேச்சும் கிடையாது. என் சகலையின் காசையே நான் கெட்டது என்று சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் நாலு கிறிஸ்துமஸுக்கு அவன் என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"உறை மேலயே எழுதியிருக்கே. படிக்கத் தெரியாதா உனக்கு?"

1914, டென்வர். கீழே ராய்ஸின் பெயர், அவன் கோணல் கையெழுத்தில்.

லிங்கன் தலை போட்ட பென்னி, அதாவது ஒரு சென்ட் காசு, எங்கள் ஊரில் தெருவில் கிடந்தாலும் யாரும் குனிய மாட்டார்கள். ஆனால் அந்த வருஷம் டென்வர் நாணயச்சாலை அடித்தது கொஞ்சம்தான், அதையும் யாரும் எடுத்து வைக்கவில்லை. எல்லாம் கை மாறி மாறித் தேய்ந்து போயின. தேய்ந்ததற்கு ஒரு விலை, பழுப்பேறியதற்கு ஒரு விலை. அடித்த அன்றைய செந்நிறம் மிச்சமிருந்தால் அந்த ஒரு சென்ட்டைக் கொடுத்து ஒரு கார் வாங்கலாம். அதே காசை எவனாவது அசடு பளபளப்பாக இருக்கட்டுமே என்று துடைத்து வைத்தால், கார் போய் சைக்கிள்தான் மிஞ்சும். இங்கே பிள்ளைகள் நீல அட்டைப் புத்தகத்தில் வருஷத்துக்கு ஒரு குழி என்று பென்னிகளை அழுத்தி அழுத்தி நிரப்புவார்கள். முக்கால்வாசிப் புத்தகங்களில் காலியாக நிற்பது இந்தக் குழிதான். ஸ்டோபெக்கிடம் அவர் அப்பா விட்டுப்போன புத்தகம் இருந்தது. அதிலும் இது ஒன்றுதான் பாக்கி.

ஸ்டோபெக்குக்குப் பழைய இரும்புக் கிடங்கு. அதிர்ந்து பேசமாட்டார், நான் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டன்ஃபி என்றொரு வியாபாரி துடைத்த காசு ஒன்றை அவர் தலையில் கட்டினான். ஒரு வாரம் கழித்து டன்ஃபியின் வலது கை விரல்கள் மூன்று நசுங்கின. கடை ஷட்டரைத் தானே இறக்கிக்கொண்டதாகப் போலீஸிடம் சொன்னான். இப்போது ஊரை விட்டுப் போய் எங்கேயோ தபால்தலை விற்கிறான்.

கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஐந்து எண்ணுவதற்குள் தெரிந்துவிட்டது.

1944இல் டென்வர் பென்னியைக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். அதில் முதல் நான்கின் இடது பக்கத்தை அரத்தால் தேய்த்து எடுத்தால் ஒன்றாகிவிடும். ஆனால் அந்த ஒன்று நிற்கும் இடம் நான்கின் கால் நின்ற இடம். அதனால் ஒன்பதுக்கும் அதற்கும் நடுவில் மயிரிழை அகலம் கூடிப்போகும். 1944 காசில் லிங்கனின் தோளில் அதை வடித்தவரின் பெயரெழுத்து மூன்று உண்டு, 1914 காசில் அது கிடையாது. இந்தக் காசில் அந்த இடத்தைச் சுரண்டியிருந்தார்கள், பள்ளம் மட்டும் மழுங்கலாகத் தெரிந்தது. வேலை சுத்தம். கூடத்தில் அந்தச் சுத்தம் உள்ள கை ஒன்றே ஒன்றுதான்.

படுபாவி! உலகத்தில் ஏமாற்ற வேறு ஆளா கிடைக்கவில்லை இவனுக்கு? எதிரே நின்றிருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன். அந்தக் கோபத்துக்கு அடியிலேயே பயம் இருந்தது. நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் தம்பியின் கை இருக்கிறது, ஒருவேளை உயிரும் இருக்கிறது. அம்மா போனபோது ராய்ஸுக்கு எட்டு வயது. அவனுக்குச் சோறு போட்டு, சட்டை துவைத்து வளர்த்தவன் நான்.

"என்ன இவ்ளோ நேரம்? தூங்கிட்டியா?"

"நல்லது" என்றேன்.

முப்பது வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய்ப் பார்வை அது.

"நல்லதா?" ஸ்டோபெக் தலையைச் சாய்த்தார். "ஒன்பதுக்கும் ஒன்னுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் ஜாஸ்தியா இருக்கோன்னு எனக்குத் தோணுச்சு."

"அச்சு தேஞ்சா அப்படித்தான் தெரியும். வெளிச்சமும் சரியில்ல."

"அந்தத் தோளு?"

"பல பேர் தொட்டது. சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

"அப்போ உறையில உன் பேரெழுத்தப் போடு. தம்பி பேருக்குப் பக்கத்துலயே."

போட்டேன். பேனா நடுங்கவில்லை என்று அந்த நேரத்தில் பெருமைகூடப் பட்டேன். அவர் உறையை வாங்கி மை காயும்வரை ஊதினார்.

"நேத்து சாயங்காலம் ராய்ஸ் எங்க வீட்டுக்கு வந்தான்" என்றார். "நான் கூப்பிடல, தானா வந்தான். சமையலறையில உக்காந்து ஒரே அழுகை. 'நான்தான் தேய்ச்சேன், ஒரு வாரமா தூக்கமே இல்ல'ன்னு வாங்கின பணத்த அப்படியே மேசையில வெச்சான். உங்கண்ணனுக்கும் இதுல பங்கு உண்டான்னு கேட்டேன். துடிச்சுப் போயிட்டான். 'எங்கண்ணன் எனக்காகக்கூடப் பொய்ப் பார்வை சொல்லமாட்டான், வேணும்னா கேட்டுப் பாருங்க'ன்னான்."

உறையைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நானும் வாக்குக் குடுத்தேன். உங்கண்ணன் கெட்டதுன்னு சொன்னா இதோட விட்டுடறேன்னு. ஒருத்தன் தப்பு பண்ணிட்டு வந்து நின்னா மன்னிக்கலாம் எல்டன். அண்ணன் தம்பி சேந்து பண்ணா அதுக்குப் பேரு தொழில்."

"கெட்டது!" என்று கத்தினேன். "அது கெட்டது, நான் பொய் சொன்னேன்! அவன் தனியாத்தான் பண்ணான், எனக்கு இப்போ பாத்துத்தான் தெரியும்!"

கூடமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசைக் கிழவர் கையிலிருந்த காசைக் கீழே விட்டார். ஸ்டோபெக் மட்டும் திரும்பவில்லை. உறையைப் பையில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"ஒரு பார்வைதான் எல்டன். ரெண்டாவது கெடையாது."

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். என் முழங்காலுக்கு ஓட்டம் என்பது பத்து வருஷத்துக்கு முன்பே முடிந்த விஷயம். நான் படிக்கு வருவதற்குள் அவர் தன் பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து இருக்கையில் ராய்ஸ். சவரம் செய்து, தலையை அழுத்தி வாரி, கையில் பாதி கடித்த டோனட்டோடு இருந்தான். ஒரு வாரமாகக் காணாத தெளிவு அவன் முகத்தில் இருந்தது.

"அண்ணே!" என்றான் ஜன்னல் வழியாக. "கெட்டதுன்னு சொல்லிட்டேல்ல? எனக்குத் தெரியும், நீ சொல்லுவேன்னு. மெர்ல் என்னைக் கிடங்கு வரைக்கும் கூட்டிட்டுப் போறாரு, அவங்கப்பா புஸ்தகத்தக் காட்றாராம்."

"எறங்குடா! ராய்ஸ், எறங்கு, வண்டிய விட்டு எறங்கு!"

"தெரியும்ணே, உனக்குக் கோவம். சாயங்காலம் வரேன், எவ்ளோ வேணா திட்டு."

"டேய், சொன்னாக் கேளுடா, எறங்கு!"

வண்டி புறப்பட்டது. எட்டிக் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். அடிக்க வருகிறேன் என்று நினைத்து, ராய்ஸ் சிரித்துக்கொண்டே உள்பக்கம் பூட்டைப் போட்டுக்கொண்டான்.