ஒலெத்தாவின் கடைசிக் கோப்பை

அட்லாண்டாவிலிருந்து சவானாவுக்குக் காரில் நான்கு மணி நேரம். பக்கத்து இருக்கையில் என் மனைவி ஒலெத்தாவின் காப்பிக் கோப்பை. அதற்கும் பெல்ட் போட்டிருந்தேன். அவள் இறந்து ஏழு மாதம்.

முந்தின வாரம் சவானாவில் இருக்கும் அவள் அண்ணன் லெமுவல் போன் செய்திருந்தான்.

"மச்சான், கல்லறைத் தோட்டத்துக்குப் புது மேனேஜர் வந்திருக்கான். பூவைத் தவிர எல்லாத்தையும் குப்பைன்னு அள்ளிட்டான். சிப்பி, விளக்கு, நம்ம ஒலெத்தா கோப்பை... ஒண்ணு விடல."

அவர்கள் கீச்சிக்காரர்கள், இந்தக் கடலோரத்துக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். செத்தவர் கடைசியாக வாய் வைத்த கோப்பையைக் கல்லறை மேல் உடைத்து வைப்பார்கள். உடைத்தால்தான் சாவின் சங்கிலி அறும். இல்லையென்றால் வீட்டில் இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு போகும். நான் கடலோரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் மேக்கன் ஊர்க்காரன், வேதியியல் படித்தவன். அடக்கத்தன்று அதே செட்டிலிருந்து வேறொரு கோப்பையை உடைத்தேன். யாருக்கும் தெரியாது. உண்மையானதில் தினமும் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

விடுதி அறையை ஒலெத்தாவே பதிவு செய்திருந்தாள், எங்கள் கல்யாண நாளுக்காக. வெள்ளி, சனி இரண்டு இரவு. நான் ரத்து செய்யவில்லை.

"இன்னொருத்தர் எப்ப வருவாங்க?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"வரமாட்டாங்க."

"அப்ப ஒருத்தருக்குன்னு மாத்திடட்டுமா?"

"வேண்டாம். ரெண்டு பேருன்னே இருக்கட்டும்."

சனிக்கிழமை காலை லெமுவல் வந்தான். சுற்றுலா பஸ் ஓட்டுகிறவன். விடுதியில் இரண்டு பேருக்கென்று வந்த காலைச் சாப்பாட்டில் ஒலெத்தா பங்கு சோளக்கஞ்சியையும் இறாலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நான் உண்மையைச் சொன்னேன். கரண்டி பாதியில் நின்றது.

"அடப் படிச்ச முட்டாளே! அம்மா மூணு மாசமா படுக்கையில கிடக்குறா. நான் டாக்டர் மேல டாக்டரா மாத்திட்டிருக்கேன். நீ அதுல காப்பி குடிச்சிட்டிருந்தியா?"

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல மச்சான்."

"நம்பிக்கை இல்லாதவன் எதுக்குடா ஒளிச்சு வச்சே?"

பையிலிருந்து கோப்பையை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"தினமும் முப்பது வெளியூர்க்காரனுக்குப் பேய்க்கதை சொல்றேன். ஒண்ணையும் நம்பினதில்ல. ஆனா இது என் தங்கச்சி. பத்து மணிக்குப் பஸ் அந்தப் பக்கம் வரும். அதுக்குள்ள உடைச்சிடு."

கல்லறை சுத்தமாக இருந்தது. பெருக்கியிருந்தார்கள். ஓக் மரங்களுக்கு நடுவே சின்ன வண்டியில் மேனேஜர் வந்தார். ஹேட்லி என்று சட்டையில் பெயர்.

"சார், பூ மட்டும்தான்."

"இது என் மனைவி."

"புரியுது சார். ஆனா உடைஞ்ச பீங்கான் யாரையாவது குத்திடும். பார்க்க வர்றவங்களும் முகம் சுளிக்கிறாங்க."

"இங்க யாரைப் பார்க்க வர்றாங்க?"

கல்லின் விளிம்பில் கோப்பையை அடித்தேன். உடையவில்லை. மறுபடி அடித்தேன். மூன்று துண்டானது. பிடி என் விரலில் மாட்டிக்கொண்டு நின்றது. அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. மண்டியிட்டு ஒவ்வொரு துண்டாக மணலில் அழுத்தினேன். கடைசியில் பிடியையும்.

ஹேட்லி எடுக்கக் குனிந்தார்.

ஹாரன் சத்தம். வேலிக்கு வெளியே, நிறுத்தமே இல்லாத இடத்தில், லெமுவலின் பஸ் நின்றது. மைக்கில் அவன் குரல்.

"இன்னிக்குப் பேய் கிடையாது. அங்க படுத்திருக்கிறது என் தங்கச்சி. மண்டி போட்டிருக்கிறது என் மச்சான், படிச்ச முட்டாள். குனிஞ்சு நிக்கிறாரே, அவர் அவளோட கோப்பையை எடுக்க வந்தவர். நல்லா போட்டோ எடுத்துக்கோங்க!"

ஜன்னல்தோறும் போன்கள் உயர்ந்தன. ஹேட்லி நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"திங்கட்கிழமை காலையில ஆள் விட்டு எடுத்துடுவேன்."

"எடுங்க. குப்பைத்தொட்டி எங்க இருக்குன்னு பார்த்துட்டுதான் வந்தேன். திரும்பக் கொண்டுவந்து வைப்பேன்."

"எத்தனை தடவை?"

"நீங்க எடுக்கிற அத்தனை தடவையும்."

"அதுவரைக்கும் நீங்க இங்கேயே இருப்பீங்களா சார்?"

நேராக விடுதிக்குத் திரும்பினேன். அறை இன்னும் சில நாளைக்கு வேண்டும் என்றேன்.

"எத்தனை நாளைக்கு?" என்றாள் அந்தப் பெண்.

"தெரியல. திங்கட்கிழமைக்கு அப்புறம் சொல்றேன்."

"ரெண்டு பேருக்குத்தானே?"

முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

"இல்ல. ஒருத்தருக்கு."