பத்துப் பூஜ்யம்

பத்துக் கேள்விக்கும் பூஜ்யம். மனநல ஆலோசகர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அழித்த தடம் ஒன்றுகூட இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த பதினாறு வயதுப் பெண் வாராவாரம் வரவேற்பறையில் இந்தத் தாளை நிரப்பிவிட்டுத்தான் உள்ளே வருவாள். ரப்பர் தூள் மடியெல்லாம் சிந்த அழித்து அழித்து எழுதுவாள். சாகத் தோன்றுகிறதா என்ற கடைசிக் கேள்விக்குப் போன வாரம் மூன்று போட்டிருந்தாள். அதற்கு மேல் அந்தத் தாளில் எண் கிடையாது.

இன்று தலையைப் பின்னியிருந்தாள், சிரித்தாள். வாசலில் அவள் அம்மா வேறு, பிள்ளை பழையபடி ஆகிவிட்டாள், நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். கேட்டதும் ஆலோசகருக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. ஏழு நாளாகப் போன் அடித்தாலே அவள் வீட்டிலிருந்துதானோ என்று ஓடிப்போய் எடுத்தார். முடிவெடுத்துவிட்டவர்களும் சில நேரம் இப்படித் திடீரென்று தெளிந்துவிடுவதுண்டு. பிள்ளை சிரித்தால் சந்தேகப்படுவதும் ஒரு பிழைப்பா என்று அலுத்துக்கொண்டே அவள் பையை நோட்டம் விட்டார், மணிக்கட்டு வரை இறங்கிய சட்டைக் கையை நோட்டம் விட்டார். வெட்கமாக இருந்தது. இப்படி ஆட்டிவைக்கிறாளே என்று கோபமும் வந்தது. பள்ளிக்கூடம், தூக்கம், சிநேகிதிகள் என்று எதைக் கேட்டாலும் நல்லா இருக்கு என்று ஒப்பித்தாள்.

கடைசியில் தாளை மேசைமேல் வைத்தார்.

"இத நான் நம்பலம்மா."

அவள் சிரிப்பு மெல்ல இறங்கிப் போனது.

"போன வாரம் உண்மையத்தான் எழுதினேன். படிக்கறப்போ உங்க கை நடுங்குச்சு மேடம். முன்னாடி அம்மாகிட்ட சொன்னப்பவும் அவங்களுக்கு அப்படித்தான் நடுங்குச்சு. அதுல இருந்து வீட்ல நான் எதையும் சொல்றதில்ல."

அன்று தாளைச் சட்டென்று மேசைக்கடியில் இறக்கி நடுக்கத்தை மறைத்துவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார். இவர் இத்தனை நேரம் அவளைத் துப்பறிய, அவள் போன வாரமே இவரைத் துப்பறிந்து முடித்திருந்தாள்.

ஆலோசகர் புதுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நடுங்கினா நடுங்கட்டும். எனக்குப் பயமாத்தான் இருக்கு, இருந்தாலும் கேக்கறேன். இங்கயே எழுது. பேசி முடிக்காம உன்ன அனுப்ப மாட்டேன்."

அவள் பென்சிலை எடுத்தாள். இரண்டாம் கேள்வியிலேயே ரப்பர் தேவைப்பட்டது. ஒன்பது கேள்வியைத் தாண்டவே வெகுநேரம் ஆயிற்று. பத்தாவதில் பென்சில் நின்றது. அவள் தாளைப் பார்க்கவில்லை. மேசைமேல் விரித்து வைத்திருந்த ஆலோசகரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடுங்கியது. அவர் அதை எடுக்கவில்லை.