எச்செனிக்கே படலம்

டாக்டர் லிசார்தோ எச்செனிக்கே வானத்தில் ஒரு படலத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கையோடு அதற்குத் தன் பெயரையும் வைத்துவிட்டார். கான்யெத்தே பள்ளத்தாக்கில், புல் முளைக்காத மலைகளுக்கு நடுவே, ஆன்டெனாக் கம்பிகளை வயல்போலப் பரப்பி வைத்திருக்கும் ரேடார் நிலையத்துக்கு அவர்தான் இயக்குநர். வாரத்துக்கு ஒரு நாள், சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு, தலைநகர் லீமாவிலிருந்து வந்து போவார். அந்த நிலையத்தின் இரவுகளை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

நேரில் பார்த்தவள் தோமித்திலா யவுரி. இருபத்திரண்டு வருஷமாக ரேடாரை இயக்குகிறவள். பொழுது சாய்ந்த பிறகு, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில், மின்னேறிய காற்று உலைபோலக் கொதிக்கத் தொடங்கும். செப்டம்பர், அக்டோபரில் கேட்கவே வேண்டாம். அந்தக் கொதிப்பு குமிழி குமிழியாக மேலே கிளம்பி, திரையில் கொத்துக் கொத்தாகப் படரும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதிந்து கொடுப்பது அவள் வேலை. அந்தப் பதிவுகளை வைத்து டாக்டர் எழுதிய கட்டுரைகள் நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'நிலைய ஊழியர்களுக்கு நன்றி.' அந்த ஊழியர்களுக்குப் பெயர் உண்டு என்பது டாக்டருக்குத் தோன்றவே இல்லை. தன் பெயர் ஒரே ஒரு தடவை அச்சில் வந்துவிட வேண்டும் என்று தோமித்திலாவுக்கு ஆசை. வெளியே சொல்ல வெட்கப்படுகிற அளவுக்கு ஆசை.

செப்டம்பரில் மூன்று இரவுகள் திரையின் அடியில், நூற்றிருபது கிலோமீட்டர் உயரத்தில், ஒரு மெல்லிய கோடு விழுந்தது. படத்தைப் பார்த்த டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை யாரும் பார்க்காத படலம் என்றார். அவர் பார்க்காதது என்றால் யாரும் பார்க்காததுதானே.

மூன்றாம் இரவே தோமித்திலாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரேடார் மேலே ஒரு குரல் கொடுக்கும், பதில் வரக் காத்திருக்கும், மறுபடி குரல் கொடுக்கும். ரொம்ப உயரத்திலிருந்து வரும் பதில் தாமதமாகும். அதற்குள் இரண்டாவது குரல் போயிருக்கும். சாப்பிட்டாயா என்று முதலில் கேட்டு, எங்கே போகிறாய் என்று அடுத்துக் கேட்டால், மந்தமான ஆள் இரண்டாவது கேள்விக்கு "சாப்பிட்டேன்" என்பான் அல்லவா, அந்தக் கதைதான். குமிழியிலிருந்து பிய்ந்த துண்டு ஒன்று ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் மிதந்துகொண்டிருந்தது. அதன் தாமதமான பதிலை ரேடார் பக்கத்தில், நூற்றிருபது கிலோமீட்டரில், இருக்கும் ஏதோ ஒன்றின் பதிலாக எடுத்துக்கொண்டது. குரல்களுக்கு நடுவே விடும் இடைவெளியை அவள் பத்து நிமிஷம் மாற்றிப் பார்த்தாள். கோடு இடம் மாறியது. நிஜப் படலம் என்றால் அசைந்திருக்காது. நேரம் போட்டு நோட்டில் எழுதினாள், டாக்டரிடம் காட்டவும் செய்தாள்.

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் கட்டுரையின் முதல் பக்கத்தை நீட்டினார். அவர் பெயருக்குக் கீழே தோமித்திலா யவுரி என்று இருந்தது.

"உன் பேரையும் போட்டிருக்கேன், தோமி. இதுல ஒரு கையெழுத்துப் போடு. நோட்டுல அந்தக் கிறுக்கல் இருக்கே, அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடு."

அவள் கிழிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. ஆனால் தாளை வீட்டுக்கு எடுத்துப் போனாள். சமையலறையில் நின்றபடியே தன் பெயரை நாலைந்து தடவை படித்தாள். எவ்வளவு அழகாக இருந்தது. ஒரு பொய்க்குக் கீழே இருப்பது தெரிந்தும் இனித்ததே, அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அக்டோபரில் டாக்டர் விருந்தினரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பல்கலைக்கழகத் துணைவேந்தர், அவர் மனைவி, ஒரு பத்திரிகை நிருபர் பெண். தட்டு நிறையத் துர்ரோன் மிட்டாய், குடிக்க ஊதாச் சோளச் சாறு. எட்டு மணிக்குத் திரையில் குமிழிகள் ஏறின. சற்று நேரத்தில் அடியில் அந்தக் கோடும் வந்தது. டாக்டருக்கு வாயெல்லாம் பல். எல்லார் முன்னாலும் கையெழுத்து வாங்கிப் படம் எடுக்க வேண்டும் என்று, தோமித்திலாவை அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அது மேசைமேல் பேனாவோடு தயாராக இருந்தது.

அந்தப் படலம் நிஜமாகவே அங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று நிருபர் கேட்டாள். ரேடார் பொய் சொல்லாது என்று டாக்டர் சிரித்தார். தோமித்திலா குரல்களுக்கு நடுவே விடும் இடைவெளியை மாற்றினாள். கோடு இருநூறு கிலோமீட்டருக்குத் தாவியது. மேலே இருந்த குமிழிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

டாக்டர் ஒரு நொடிதான் திகைத்தார்.

"பாத்தீங்களா, தாவுது! தாவுற படலம். இது இன்னும் பெரிய கண்டுபிடிப்பு."

துணைவேந்தர் கை தட்டினார். எதற்குத் தட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. தோமித்திலாவுக்கு அதுவரை கொஞ்சம் பயம் இருந்தது. அந்தக் கைதட்டலில் அதுவும் போயிற்று.

"எங்க நிறுத்தட்டும், டாக்டர்? நூத்தம்பதுல வைக்கட்டுமா? ஐயாவோட வீட்டம்மா எங்க கேட்டாலும் அங்க வைக்கிறேன்."

கோடு நூற்றைம்பதுக்கு வந்தது. நிருபர் பெண் நூற்றெண்பது கேட்டாள். அங்கேயும் போய் நின்றது. துணைவேந்தரின் மனைவி வாயில் துர்ரோனோடு சிரித்துவிட்டாள். துணைவேந்தர் கையை மடக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார், லீமா ரொம்ப தூரம் என்றார். கால் மணி நேரத்தில் கார்கள் கிளம்பிவிட்டன. நிருபர் மட்டும் வாசலில் நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

டாக்டரின் முகம் சோளச் சாற்றின் நிறத்துக்கு வந்திருந்தது. மேசைக்குக் குனிந்து பல்லைக் கடித்தார்.

"புத்தி கெட்டவளே, இதுல உன் பேரும்தானே இருக்கு?"

தோமித்திலா பேனாவை எடுத்தாள். தாளில் தன் பெயரை ஒரு தடவை படித்தாள், கோடு போட்டு அடித்தாள், தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நாப்பத்தொண்ணையும் நீங்களே வச்சுக்கிட்டீங்க, டாக்டர். இதையும் நீங்களே வச்சுக்குங்க."