துண்டுக்குள் மூன்றாவது கை

செவ்வாய்ச் சந்தையில் வெயில் ஏறுவதற்கு முன்பே இன்னாசி பன்னிரண்டு மாடுகளுக்குப் பல் பார்த்து, நான்கு பேருக்குள் சண்டை மூட்டி அவனே சமாதானமும் செய்து, இரண்டு டீ குடித்திருந்தான். பதின்மூன்றாவதாக ஒரு காரிப் பசுவுக்கு விலை பேச முனிராஜின் கையைத் துண்டுக்குள் இழுத்தான். இன்னாசி விற்கிறவர் பக்கத்துத் தரகன், முனிராஜ் வாங்குகிறவர் பக்கத்துத் தரகன். மாட்டுச் சந்தையில் விலையை வாய் பேசாது. இரண்டு கைகள் துண்டுக்கடியில் போகும். விரல் விரலைப் பிடிக்கும், அழுத்தும், மடக்கும். வெளியே இரண்டு முகங்களும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். இருபத்தைந்து வருடமாக இன்னாசிக்குச் சோறு போடுவது அந்தத் துண்டுதான். அவன் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கையைக் கொடுத்தால் போதும், கைக்காரன் யார், அவனுக்கு எவ்வளவு அவசரம், வீட்டில் பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை உண்டா என்பதுவரை சொல்லிவிடுவான்.

அன்றைக்கு முனிராஜின் விரல்களைப் பிடித்து அழுத்தியபோது, இன்னாசியின் புறங்கைமேல் இன்னொரு கை படிந்தது.

அது அழுத்தவில்லை, மடக்கவில்லை. சூடும் இல்லை, குளிரும் இல்லை. எந்தப் பேரமும் பேசாமல் சும்மா இருந்தது. இன்னாசி துண்டை உதறி எடுத்தான். உள்ளே இரண்டு கைகள்தான் இருந்தன.

"என்னா ணா, தேளு கீளா?" என்றான் முனிராஜ்.

"இல்லடா. அந்த மாட்டுக்கு ஒரு காம்பு அடைப்பு. பால் வராது."

சொல்லி முடித்த பிறகுதான் அது இன்னாசியின் காதிலேயே விழுந்தது. பசுவைக் கொண்டுவந்திருந்த பாலக்கோட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தபடி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"யோவ், நீ யாருக்குய்யா தரகு பேசற?"

நியாயமான கேள்வி. நான்கு மாதமாக இன்னாசியும் அதைத்தான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆடி மாதத்தில் வத்தல்மலையிலிருந்து குள்ளன் என்கிறவர் உழவுக்கு எருது பிடிக்க வந்திருந்தார். கூடவே அவர் மனைவி ராமக்காவும் வந்திருந்தாள். இன்னாசி காட்டியது ஒரு செவலை எருது. ஆறு பல், சுழி சுத்தம், பார்த்தவன் இன்னொருமுறை பார்க்கிற திமில். வெளியே தெரியாத கோளாறு ஒன்று உண்டு, அது ஆளைப் பாயும். முன்பு வைத்திருந்தவரைக் குத்திக் கிடத்தியதால்தான் சந்தைக்கே வந்திருந்தது. இது இன்னாசிக்குத் தெரியும்.

"பாயுங்களா?" என்று கேட்டார் குள்ளன்.

"இதுவா? கைக்கொழந்தைய இது வயித்துக்கடியில படுக்க வெச்சுட்டு நீங்க சினிமாவுக்குப் போலாம்."

குள்ளன் சிரித்துவிட்டார். ராமக்கா சிரிக்கவில்லை. "கற்பூரத்த அணைச்சுச் சொல்லச் சொல்லுங்க" என்றாள் புருஷனிடம்.

கற்பூரம் என்றால் மற்றத் தரகர்களுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிடும். இன்னாசியின் சட்டைப்பையில் புகையிலைப் பொட்டலத்தோடு கற்பூர வில்லையும் எப்போதும் இருக்கும். அவன் கிறிஸ்தவன். கற்பூரத்துச் சாமி தன் ஆள் இல்லையென்று அவனை விட்டுவிடும். அவனுடைய சாமியோ கற்பூரத்துப் பக்கம் எட்டியும் பார்க்காது. இரண்டு போலீஸ் ஸ்டேஷன்களின் எல்லைக்கு நடுவே நிற்கிறவனைப்போல அவன் அத்தனை வருடமும் சௌகரியமாக நின்று பிழைத்தான். அன்றும் எருதின் காலடியில் ஒரு கல்லைப் போட்டு, கற்பூரத்தைக் கொளுத்தி, "இந்த மாடு ஆளைத் தொடாது, சாமி சத்தியம்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தான். சட்டென்று அடித்தால் கை பொசுங்காது. அது தொழில் பழக்கம்.

ஆவணியில், உழவு முடிந்து கட்டுத்தறியில் கட்டும்போது, அந்த எருது குள்ளனைக் குத்திக் கொன்றது. செய்தி சந்தைக்கு வந்தது. மாடு என்றால் குத்தத்தான் செய்யும் என்றது சந்தை; டீ ஆறுவதற்குள் பேச்சு மாறிவிட்டது. ஒவ்வொரு செவ்வாயும் மலைக்காரர்கள் வந்து சட்டையைப் பிடிப்பார்கள் என்று இன்னாசி காத்திருந்தான். என்ன பதில் சொல்வது, எந்தப் பக்கம் ஓடுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. முதலில் அது நிம்மதியாக இருந்தது. அப்புறம் பயமாக மாறியது. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை துண்டுக்குள் முதன்முறையாக அந்தக் கை வந்தது. அதற்குப் பிறகு எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை.

குள்ளனின் ஆவிதான் என்று முதலில் நினைத்தான். ஆனால் குள்ளனின் கையை அவன் பிடித்திருக்கிறான். அகலமான கை, கட்டைவிரலில் அரிவாள் வெட்டு. இது அந்தக் கை இல்லை. கையில் இன்னாசி ஏமாற மாட்டான்.

காரிப் பசு வியாபாரம் கெட்ட பிறகு முனிராஜ் அவனை டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்தான்.

"ணா, மலைக்காரங்க ஏன் உங்ககிட்ட வரலன்னு தெரியுமா? அந்த ராமக்காம்மா உங்களத் தெய்வமா நெனைக்குது."

"என்னடா உளர்ற?"

"நெசமா ணா. நீங்க கற்பூரத்த அணைச்சீங்கல்ல. அப்ப மாட்டு மேல தப்பில்ல, நம்ம வூட்லதான் ஏதோ தோஷமுன்னு, புதுசா வந்த மருமவளப் பொறந்த வூட்டுக்கே தொரத்திடுச்சு. அந்த மாட்டுக்குப் பொட்டு வெச்சு, தன் கையாலயே தீனி வெக்குது."

இன்னாசி கிளாஸைக் கீழே வைத்தான். டீ பாதிக்குமேல் இருந்தது. முனிராஜ் அதையும் எடுத்துக் குடித்துவிட்டான்.

இன்னாசி ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவன்தான். கடைசிப் பெஞ்சில், வண்டி நிறுத்தியிருக்கும் பக்கமாக உட்காருவான். கடவுள் இருக்கிறார் என்பதில் அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகப்படக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டும். கலெக்டர் இருக்கிறார், அவரோடு நமக்கு வேலை இல்லை என்பதுபோல்தான். அந்த ஞாயிறு கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம். பீடத்தில் ஊதாத் துணி போட்டிருந்தார்கள். பிரசங்கத்தில் மனந்திரும்புதல் என்ற சொல்லைச் சாமியார் பலமுறை சொன்னார். இன்னாசிக்குத் திரும்புவது என்றால் உழுகிற மாடு சால் முடிவில் திரும்புவதுதான். நேராகப் போகும்போது எல்லா மாடும் நல்ல மாடு. திரும்பும்போதுதான் அதன் குணம் தெரியும்.

அவன் யோசித்தது இவ்வளவுதான். கற்பூரத்துச் சாமி என் பக்கம் வராது, என் சாமி கற்பூரத்துப் பக்கம் வராது என்றால் அந்தச் சத்தியத்தை யாருமே கேட்டிருக்கக் கூடாது. யாருமே கேட்காததற்கு எந்தக் கையும் வராது. ஆனால் வருகிறது. அப்படியானால் அன்றைக்கு அந்தச் சந்தையில், சாணிக்கும் கூச்சலுக்கும் நடுவில், யாரோ நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வாய் திறந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

பூசை முடிந்ததும், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்காலிட்டான். அங்கே கடைசியாகக் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட முழங்கால். சாமியாருக்கு முப்பது வயதுதான் இருக்கும்.

"சாமி, சாமி பேர்ல பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்."

"எந்தச் சாமி பேர்ல?"

"அதாங்க தெரியல சாமி."

இன்னாசி எல்லாவற்றையும் சொன்னான், கையைத் தவிர. பிறகு வழக்கம் விடாமல், "அது நம்ம சாமி இல்லீங்களே, அப்பவும் அது பாவத்துல சேருங்களா?" என்று கேட்டான்.

"சேராதுன்னா நீங்க ஏன் வந்தீங்க?"

சாமியார் பரிகாரமாகப் பத்து அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். இன்னாசி திடுக்கிட்டான். இருபத்தைந்து வருடத் தொழிலில், கேட்ட விலைக்கு உடனே படிந்துவிட்ட எந்த மாட்டையும் அவன் நம்பியதில்லை.

"அவ்வளவுதானுங்களா?"

"மலைக்குப் போனீங்களா?"

"இல்லீங்க சாமி."

"அப்ப அங்க போய் உள்ளதச் சொல்லுங்க."

"போய் எப்படிங்க சொல்றது?"

"எனக்கு மாட்டப் பத்தியும் தெரியாது, மலைக்காரங்களப் பத்தியும் தெரியாது. உங்களுக்கு ரெண்டும் தெரியும்." வெளியே யாரோ இருமினார்கள். அவன் பின்னால் வரிசை நின்றிருந்தது.

மறுநாள் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினான். வளைவுக்கு வளைவு தருமபுரி கீழே சின்னதாகிக்கொண்டே போனது. ராமக்காவிடம் சொல்லவேண்டியதை ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தான். ஒன்றுமே விலைபோகாது என்று தோன்றியது. பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. ஏறியவர்கள் அதைப் பார்த்தும் நின்றுகொண்டே வந்தார்கள். இன்னாசி ஜன்னல் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்து, அந்தப் பக்கம் திரும்பாமலே வந்தான்.

ராமக்கா வாசலில் குத்துக்காலிட்டுச் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. முற்றத்துப் பலாமரத்தில் செவலை கட்டியிருந்தது. கொம்பில் மஞ்சள், நெற்றியில் பொட்டு, கழுத்தில் வாடிய சாமந்தி.

"வாங்கண்ணா. தண்ணி குடிக்கறீங்களா?"

அவள் செம்பைக் கொண்டுவந்து மரியாதையாகக் கொடுத்தாள். இன்னாசி குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மாட்ட வித்துடுன்னு ஊரே சொல்லுது" என்றாள் ராமக்கா, மறுபடியும் முறத்தை எடுத்து. "நான் மாட்டேன்னுட்டன். நீங்க கற்பூரத்த அணைச்சத நேரா பாத்தவ நான். கை பொசுங்கல. பொய்யின்னா பொசுங்கியிருக்குமில்ல. மாட்டு மேல தப்பில்லண்ணா. வைகாசில மருமவ ரேவதி கால் வெச்சா, ஆவணில அவரு போய்ட்டாரு. பொறந்த வூட்டுக்கு, சித்தேரிக்கே அனுப்பிட்டன். தெனமும் போன் பண்ணுது. எடுக்கறதில்ல."

"அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பண்ணது பொய்ச் சத்தியங்க."

முறம் நின்றது. பிறகு மறுபடியும் ஆடத் தொடங்கியது. தூசு காற்றில் ஒருபக்கமாகப் போனது.

"நல்ல மனசுங்க உங்களுக்கு. எங்க வூட்டுப் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க."

கல்லால் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவனுக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. ஆடியில் சொன்ன பொய் ஒரே வாயில் விற்றுப்போனது. இன்று உண்மையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

"இல்லக்கா, நெசமாத்தான் சொல்றன். பாயற மாடுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வித்தன்."

ராமக்கா முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "அப்ப அத உங்க சாமி பேர்ல சொல்லுங்க. உங்களுக்கும் ஒரு சாமி இருக்குமில்ல?"

இன்னாசி வாயைத் திறந்தான். பெயர் தொண்டைவரை வந்தது. மாவட்டத்தில் உள்ள அத்தனை சாமிகளையும் பணயம் வைத்தவன், அந்த ஒரு பெயரை மட்டும் தொட்டதில்லை. அது மரியாதையால் அல்ல; சந்தையில் யாரும் அதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். இப்போது ஒருத்தி கேட்கிறாள். உண்மைதானே, சொல்லிவிடலாம். ஆனால் நாக்கு எழவில்லை. பக்கத்தில் நிற்கிறவரைக் காட்டி, இவர்மேல் ஆணை என்று எப்படிச் சொல்வது?

"முடியாதுங்க."

"ஏன்?"

"அவரு இருக்காருங்க."

ராமக்காவுக்கு அது புரியவில்லை. "சத்தியம் பண்ண முடியலன்னா நெசமில்லைன்னுதான அர்த்தம்" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்டினாள். அவளுக்குப் பேச்சு முடிந்துவிட்டது. சித்தேரியில் அந்தப் பெண் இன்றைக்கும் போன் செய்யும், இவள் எடுக்க மாட்டாள். மாலையில் இவளே போய் இந்த மாட்டுக்குத் தீனி வைப்பாள்.

இன்னாசி செம்பை வாசற்படியில் வைத்தான். பலாமரத்தை நோக்கி நடந்தான்.

"இதுக்கு வலக்கண்ணு தெரியாது" என்றான் திரும்பாமலே. "அந்தப் பக்கமா ஆள் போனா பாயும். முந்தி வெச்சிருந்தவரு அப்படிப் போய்த்தான் வாங்கிக் கட்டிக்கிட்டாரு. நீங்க எந்தப் பக்கம் நின்னு தீனி வெக்கறீங்க?"

தீனித் தொட்டி மாட்டின் இடப்பக்கம்தான் இருந்தது. வாயால் செய்ய முடியாத சத்தியத்தை நின்று காட்டுகிறவனைப்போல, இன்னாசி மரத்தைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனான்.

"அந்தப் பக்கம் போவாதீங்க" என்றாள்.

தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டதுபோல் அவள் வாய் அப்படியே நின்றது. பிறகு, யாரிடமும் இல்லாமல், "அவரும் அன்னிக்கு அந்தப் பக்கந்தான் நின்னாரு" என்றாள்.

இன்னாசி அதற்குள் அங்கே போய் நின்றிருந்தான். மாட்டின் வலக்கண் கிட்டப் போனால்தான் தெரிகிற அளவுக்கு நீலம் பாரித்து, ஈ மொய்த்துக் கிடந்தது. அதில் அவன் உருவம் விழவில்லை. ஐம்பது வருடமாக வாய் சொல்லிப் பழகிய செபங்களில் ஒன்றும் இப்போது நினைவுக்கு வரவில்லை. காப்பாற்று என்று கேட்கலாம். பதிலுக்கு என்ன தருவாய் என்றால் அவனிடம் ஒன்றும் இல்லை. அதனால் கேட்கவில்லை. பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டியிருக்கிறது என்பதுபோல் அரை அடி நகர்ந்து இடம் விட்டான்.

மாட்டின் வலக்காது மெதுவாக அவன் பக்கம் திரும்பியது. கயிறு இழுபட்டு மரப்பட்டையில் உரசியது. ராமக்கா எழுந்தாள். முறத்திலிருந்த சாமை மொத்தமும் முற்றத்தில் கொட்டியது. எங்கெங்கோ இருந்த கோழிகள் ஓடிவந்து மூன்று பேருக்கும் நடுவில் கொத்தித் தின்னத் தொடங்கின. யாரும் விரட்டவில்லை.