மூட்டையின் பகல்

எதிர்க் கட்டடத்து மாடியில் தையல் மெஷின் வைத்திருந்த அக்கா யாரிடமும் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. அதனால்தான் அவள் ஒரு சாயங்காலம் தெருவைக் கடந்து வந்து வழியை மறித்தபோது கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மூட்டை பகல்ல அழுவுது."

"கொரைக்குதா?"

"கொரைச்சா நான் ஏன் வந்து சொல்லப்போறேன். அழுவுது. மெஷினை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு மாசமா இப்படித்தான்."

மூட்டை அவர் வீட்டு நாய். பழுப்பு நிறம், சடை முடி, எட்டு வயது. சுருண்டு படுத்தால் யாரோ வைத்துவிட்டு மறந்துபோன துணி மூட்டை போலவே இருக்கும். உண்மையில் அது அவர் தங்கையின் நாய். மழலையர் பள்ளியில் வேலை பார்த்த தங்கை ஐந்து வாரங்களுக்கு முன்பு கல்யாணமாகி, எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்த கணவனின் ஊருக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு நாய் முடி பட்டாலே மூச்சு இரைக்கும். எனவே நாற்பத்தாறு வயது அண்ணனும் எட்டு வயது நாயும் ஒருவருக்கொருவர் என்று மிஞ்சினார்கள். அவர் காலை ஒன்பதுக்குக் கடைக்குப் போனால் லென்ஸ் தேய்த்து, பிரேம் வளைத்து, வீடு திரும்ப ஏழாகிவிடும்.

விஷயத்தை அவர் தங்கைக்குப் போனில் சொன்னார். அவள் டீச்சர் குரலுக்கு மாறினாள்.

"நாய்ங்களைப் பகல்ல பாத்துக்குற நல்ல டே கேரா பாருண்ணே. நீ பாக்குற லட்சணம் எனக்குத் தெரியும். 'நல்லா பாத்துப்பீங்களா'ன்னு கேப்ப, அவங்க 'ஆமா'ம்பாங்க, தலையை ஆட்டிட்டு வந்துருவ. எழுதிக்கோ."

அவர் மருந்துச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். ஓர் ஆளுக்கு எத்தனை நாய். கட்டிப் போடுவார்களா. சண்டை வந்தால் யார் விலக்குவது. தடுப்பூசிச் சீட்டைக் கேட்கிறார்களா, கேட்காவிட்டால் அங்கேயே திரும்பி வந்துவிட வேண்டும்.

"முக்கியமா, உள்ள போனதும் மோந்து பாரு."

"யாரு, நானா?"

"நீதான். மூட்டை மோந்து பாத்தா உன்கிட்ட வந்து சொல்லுமா?"

ஞாயிற்றுக்கிழமை அவரும் மூட்டையும் கிளம்பினார்கள். முதல் இடம் கண்ணாடிக் கதவும் பச்சைப் புல்விரிப்புமாகப் பளிச்சென்று இருந்தது. அங்கிருந்த இளைஞன் இவர் கேட்பதற்கு முன்பே எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னான். சாதுவான நாய்க்குக் கழுத்தில் மஞ்சள் பட்டை, சேட்டைக்கார நாய்க்குச் சிவப்புப் பட்டை. மூலைக்கு மூலை கேமரா. கடையில் உட்கார்ந்தபடியே போனில் பார்த்துக்கொண்டிருக்கலாம். குறை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வழவழத் தரையில் மூட்டையின் நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போயின. ஒரு மெஷின் ஓயாமல் பந்து எறிய, மற்ற நாய்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. "யோசிச்சுட்டுச் சொல்றேன்" என்று வெளியே வந்தார்.

இரண்டாவது இடம் ஒரு வீடு. வாய் நிறைய வரவேற்ற அம்மாவைச் சுற்றி சோபாவிலும் படிக்கட்டிலும் ஜன்னல் விளிம்பிலும் நாய்கள். பதினான்கு எண்ணி முடித்தபோது குளியலறையிலிருந்து பதினைந்தாவது வந்தது. எல்லாமே தன் பிள்ளைகள் என்றாள், அது பொய்யில்லை. ஆனால் பிள்ளைகள் பதினைந்து, தாய் ஒருத்தி. சீட்டு எதையும் கேட்கவில்லை. உடம்பு முழுக்க ரோமத்தோடு, ஸ்வெட்டர் போட்டவரைப் போல அவர் படியிறங்கினார்.

மூன்றாவது இடம் கால்வாய்த் தெருக் கோடியில் இருந்தது. ஒரு காலத்தில் சலவைக் கூடம். சுவரில் இன்னும் பெரிய இரும்புக் குழாய்கள் ஓடின. உயரத்து ஜன்னல்களுக்கு வெள்ளைச் சாயம் அடித்திருந்ததால் வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. நடத்துகிறவள் முப்பது வருஷம் குழந்தைகள் வார்டில் இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அவளை எல்லாரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கூட வேலைக்கு இரண்டு பெண்கள். முதலில் தடுப்பூசிச் சீட்டை வாங்கிப் படித்தாள். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி, உதட்டில் விரலை வைத்துக் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒன்பது நாய்கள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று கனவில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று பெருமூச்சு விட்டது. அவர் தன்னை அறியாமல் மூச்சை மெதுவாக இழுத்தார். சோப்பும் காய்ந்த துணியும் வெயிலும் கலந்த வாசனை.

"நாள் முழுக்க ஓட விட்டா துவண்டு போய் வீட்டுக்கு வரும். அதைச் சந்தோஷம்னு நெனச்சுப்பாங்க" என்றாள் நர்ஸம்மா வெளியே வந்ததும். "சரி, நீங்க சொல்லுங்க. நீங்க இல்லாதப்ப இது எங்க படுக்கும்?"

அவருக்குத் தெரியவில்லை.

"எத்தனை மணிக்கு அழ ஆரம்பிக்குது?"

அதுவும் தெரியவில்லை. எட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்து, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

"பாத்துட்டு வாங்க. இடம் எங்கயும் ஓடிப்போயிடாது."

புதன்கிழமை அவர் வழக்கம்போல ஒன்பது மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு, "வரட்டுமா" என்று மூட்டையிடம் சொல்லி, வெளியே பூட்டினார். கடைப்பக்கம் போகாமல் தெருவைக் கடந்து எதிர்க் கட்டடத்தின் படியேறினார். தையல்கார அக்காவின் வாசலுக்கு வெளியே, படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அவர் வீட்டு மாடிக்கு நேரே, அதே உயரம். பையில் ஒரு தொலைநோக்கி இருந்தது, யாரோ பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு வாங்க மறந்தது.

"சொந்த வீட்டை வேவு பாக்குற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று அக்கா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள்.

தான் இல்லாதபோது தன் வீடு எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. மேசையில் அவர் குடித்துவிட்டு வைத்த டம்ளர். பின்னால் தள்ளியபடியே நின்ற நாற்காலி. வேறு யாரோ ஒருவர் இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது. மூட்டை கதவருகே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வீட்டுக்காரனைப் போல ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தது, தண்ணீர் குடித்தது, சமையலறைத் தரையில் விழுந்திருந்த வெயில் துண்டில் படுத்தது.

வெயில் நகர்ந்தது. ஒரு சாண் நகர்ந்ததும் மூட்டை தூக்கம் கலையாமலே எழுந்து ஒரு சாண் தள்ளிப் படுத்தது. வெயில் கூடத்துக்கு வந்தபோது அதுவும் கூடத்துக்கு வந்தது. வெயில் அவர் கட்டிலில் ஏறியபோது அதுவும் ஏறி, நாளும் அவர் அதட்டி இறக்கிவிடுகிற தலையணையில் தலையை வைத்துக்கொண்டது. அவர் தனியாகச் சிரித்தார். முதுகுக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கண் செருகி, தான் அந்தக் கட்டிலில் படுத்திருப்பதாகவும் மூட்டை எதிர் ஜன்னலிலிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் அவருக்குத் தோன்றியது. இத்தனை வருஷமாக இப்படி ஒரு நீளமான, மஞ்சள் நிறப் பகல் தன் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறது, தனக்கு அது தெரியவே தெரியாது.

ஒன்றரை மணிக்கு வெயில் வீட்டை விட்டுப் போயிற்று. மூட்டை கட்டிலிலிருந்து இறங்கியது, சோம்பல் முறித்தது, நேரே கதவடிக்குப் போய் உட்கார்ந்தது. பிறாண்டவில்லை. காதுகள் மட்டும் நிமிர்ந்திருந்தன.

இரண்டுக்குச் சற்று முன்னால் தெருமுனையில் மழலையர் பள்ளி வேன் திரும்பியது. தினமும் தங்கை வந்து இறங்கிய அதே வேன். மூட்டை எழுந்து நின்றது. அதன் வால் ஆடத் தொடங்கியது, முதலில் மெதுவாக, பிறகு உடம்பே ஆடுகிற மாதிரி. வேன் வாசலுக்கு நேரே வந்தது. நிற்காமல் போனது.

வால் இன்னும் கொஞ்ச நேரம் ஆடியது. அப்புறம் தலை உயர்ந்தது. மூடிய கதவுகளையும் தெருவையும் தாண்டி அந்தக் குரல் வந்து சேர்ந்தது.

"இதான்" என்றாள் அக்கா, பின்னால் வந்து நின்று.

அவர் தொலைநோக்கியை ஸ்டூலிலேயே போட்டுவிட்டு ஓடினார். கதவு திறந்ததும் மூட்டை அவர் காலை முகர்ந்தது. பிறகு அவரை விலக்கிக்கொண்டு, அவருக்குப் பின்னால் இருந்த படிக்கட்டைப் பார்த்தது. அவரும் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அந்தப் படிக்கட்டைப் பார்த்தார்.

மறுநாள் நர்ஸம்மா முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நாள் முழுக்க இங்க வேணாம். காலைல அதுக்கு வெயில் இருக்கு, வேலை இருக்கு. ஒண்ணரைக்கு முன்னாடி கொண்டாந்து விடுங்க, போதும்."

"இங்க வந்தா மறந்துடுமா?"

"எதுக்கு மறக்கணும்? அந்த நேரத்துல தனியா இருக்க வேணாம். அவ்வளவுதான்."

முதல் நாள் அவர் ஒன்றேகாலுக்கே வந்துவிட்டார். மூட்டைக்குப் பழக்கமான துண்டு ஒன்றை விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார நர்ஸம்மா அனுமதித்தாள். மூட்டை ஒன்பது பேரையும் முகர்ந்து பார்த்தது. துண்டுப்பக்கம் திரும்பவே இல்லை. கண் தெரியாத ஒரு கிழட்டு வெள்ளை நாயின் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தது. இரண்டு மணிக்கு அதன் தலை நிமிர்ந்தது. குழாய் ஒன்றில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. வெள்ளை நாய் தூக்கத்தில் ஏதோ முனகியது. மூட்டை கதவையே பார்த்துக்கொண்டிருந்தது, வெகுநேரம். வேலைக்காரப் பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள், தடவக்கூட இல்லை. கடைசியில் தலை கீழே இறங்கியது.

அவர் கண் விழித்தபோது மணி நான்கு. யாரோ அவர் மேல் ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். தங்கை போன பிறகு அப்படித் தூங்கியதே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"எழுப்ப மனசு வரல" என்றாள் நர்ஸம்மா. "தூங்குறவங்களை எழுப்பி எனக்குப் பழக்கமும் இல்ல."

அன்று மாலை தங்கைக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் எல்லாவற்றையும் சொன்னார். தலையணைக் கதைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கதையில் வேன் வந்த இடத்தில் அவள் குரல் தேய்ந்துவிட்டது.

"வாலை ஆட்டுச்சாண்ணே?"

"ம். வேன் போனப்புறமும்."

அந்தப் பக்கம் மாப்பிள்ளை என்ன ஆச்சு என்று கேட்பதும் அவள் ஒன்றுமில்லை என்பதும் கேட்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "நீ தூங்குனியா?" என்றாள்.

"ரெண்டு மணி நேரம். நாய்ங்களோட நாயா."

இன்றைக்கும் சில நாள் இரண்டு மணிக்கு மூட்டை எழுந்து கதவைப் பார்த்து உட்காரும். யாராவது பக்கத்தில் போய் உட்காருவார்கள். அது அழுவதில்லை. கண்ணாடிக்கடை வாசலில், மதியம் ஒன்று முதல் மூன்று வரை கடை கிடையாது என்று ஒரு பலகை தொங்குகிறது. உடைந்த பிரேமோடு வருகிறவர்கள் சலித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். மூன்று மணிக்கு, ஒரு கன்னத்தில் துணியின் மடிப்பு பதிந்திருக்க, அவர் கால்வாய்த் தெருவிலிருந்து நிதானமாக நடந்து வந்து கதவைத் திறக்கிறார்.