முப்பத்தாறு நட்சத்திரங்கள்

சாம்பசிவனின் திருமணத் தகவல் மையத்துக்கு யார் வந்தாலும் முதலில் காபி கிடைக்கும். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல் மாடியில் இருந்த அந்த ஆபீஸின் உபசாரம் சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம். உபசாரமாவது மண்ணாவது! பெண்ணின் நட்சத்திரத்தையும் ராசியையும் கொடுத்துப் பட்டனைத் தட்டினால், பொருத்தமான வரன்களை இணையதளம் கொண்டுவந்து காட்ட நாலரை நிமிஷம் ஆகும். அதுவரை வந்தவர்களை நாற்காலியில் உட்கார்த்தி வைக்க வேண்டாமா? அதற்குத்தான் காபி.

காபி தீர்ந்தும் திரை வெள்ளையாகவே இருந்தால் சாம்பசிவன் தன் கல்யாணக் கதையை எடுத்துவிடுவார். மாப்பிள்ளை அழைப்பில் கார் நின்றுபோய், நாதஸ்வரக்காரர் இறங்கித் தள்ளிய கதை. அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பியூலாவுக்கு அது ஜெபம் மாதிரி மனப்பாடம். கார் கிளம்பும் இடம் வரும்போது பெரும்பாலும் வரன்களும் வந்துவிடும்.

பியூலாவுக்கு இருபத்திரண்டு வயது. பி.சி.ஏ. அனகாபுத்தூரில் அவள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிறது, இன்னும் நிரந்தரம் இல்லை. அந்த வேலை வந்த விதம்தான் தொண்டையில் மீன் முள் மாதிரி உறுத்தியது. அவள் அம்மா அருள்மேரி சிட்லபாக்கத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். நாலில் ஒன்று சாம்பசிவன் வீடு. "உன் பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்காளாமே, சாரைப் போய்ப் பார்க்கச் சொல்லேன்" என்று அவர் மனைவி திரிபுரசுந்தரி சொல்லப்போய் வந்த வேலை. பரீட்சை வைத்தார்கள். வந்த மூன்று பேரில் பியூலாதான் முதல். அதை யாரும் பேசுவதில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சாம்பசிவன், "நம்ம அருள்மேரி பொண்ணு. பாவம், நல்லா படிச்சிருக்கு" என்பார். அந்தப் 'பாவம்' காதில் விழும்போதெல்லாம் பியூலாவுக்குக் கீபோர்டை எடுத்து ஜன்னல் வழியாக வீசலாம் போல இருக்கும். கீழே ஸ்வீட் ஸ்டாலில் ஜாங்கிரி அடுக்கியிருப்பார்கள் என்பதால் விட்டுவைத்தாள்.

மனசுக்குள் ஒரு முடிவு வைத்திருந்தாள். வேலை நிரந்தரமாகிற அன்றைக்கு அம்மா அந்த ஒரு வீட்டை விட வேண்டும். மற்ற மூன்று வீடு அப்புறம். அம்மாவிடம் பாத்திரத்தையும் மகளிடம் கம்ப்யூட்டரையும் கொடுத்துவிட்டு, ஒரே குடும்பம் இரண்டு கும்பிடு வாங்கிக்கொள்வதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

டிசம்பர் பிறந்த திங்கட்கிழமை சாம்பசிவன் இருவரையும் கூப்பிட்டார். இருவர் என்றால் பியூலாவும், போட்டோ ஸ்கேன் செய்கிற ஜெரோமும்.

"மார்கழி வந்துட்டா ஒருத்தரும் வரன் பார்க்க வரமாட்டாங்க. அதுக்கு முன்னாடி, வர்ற ஞாயித்துக்கிழமை குரோம்பேட்டை மண்டபத்துல சுயம்வரம் வெச்சிருக்கேன். ஐந்நூறு பேர் வருவாங்க. பெரிய திரை. எல்லார் முன்னாடியும் நம்ம பேஜைப் போட்டுக் காட்டணும்."

"ஐந்நூறு பேருக்கும் காபியா சார்?" என்றாள் பியூலா.

ஜெரோம் இருமுவது போலச் சிரித்தான். சாம்பசிவன் கண்ணாடியைக் கழற்றினார். "வாய் மட்டும் அப்படியே அருள்மேரிதான். இதோ பாரும்மா. அன்னைக்கு ஒழுங்கா ஓடிச்சுன்னா நீ பர்மனென்ட். மானத்தை வாங்கிச்சுன்னா, இதை எழுதின ரவி சோழிங்கநல்லூர்லதான் இருக்கான், சனி ஞாயிறு வந்துட்டுப் போகச் சொல்லிக்கறேன். பழைய போட்டோ ஆல்பமே போதும்னு அந்தக் காலத்துக்குப் போனாலும் போவேன்."

ரவி எழுதிவைத்த நிரலை பியூலா வரி வரியாகப் பிரித்தாள். பாதி தூரம் போவதற்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜெரோம், இங்க வந்து பாரேன் இந்தக் கூத்தை. மொத்தம் நாலாயிரம் பையனுங்க. ஒரு அம்மா வந்து தன் சாதியில, தன் ஊர்ப் பக்கம், முப்பது வயசுக்குள்ள கேக்குது. இது என்னா பண்ணுது தெரியுமா? நாலாயிரம் பேரையும் போட்டோவோட கூட்டியாந்து, ஒவ்வொருத்தனுக்கும் பொருத்தம் பார்த்து முடிச்சிட்டு, அதுக்கப்புறம் சாதி கேக்குது. எல்லாரையும் பந்தியில உக்கார வெச்சி, இலை போட்டு, சோறு வைக்கிற நேரத்துல 'நீ எந்தாளு'ன்னு கேட்டு எழுப்பி அனுப்புறது."

"ஊர்ல நடக்கிறதுதானே!"

"ஊர்ல நடக்கட்டும். என் சர்வர்ல நடக்கக் கூடாது. எழுப்பி அனுப்புறதுக்கு எதுக்குக் கூப்பிடணும்? வாசல்லயே கேட்டுத் தொலைக்கட்டும்."

அந்தக் கேள்வியை வாசலுக்கு நகர்த்தினாள். நாலாயிரம் பேர் வருகிற இடத்தில் சில நூறு பேர் வந்தார்கள். அவர்களிலும் முதல் இருபது பேரைக் காட்டினால் போதும், மற்றவர்கள் அடுத்தடுத்த பக்கத்தில் வரட்டும் என்றாள். அதற்குச் சாம்பசிவன் குறுக்கே விழுந்தார்.

"இருபதா? கடையில சரக்கு இல்லைன்னு நினைச்சுக்குவாங்கம்மா!"

"ஆல்பம் வெச்சிருந்தீங்களே சார், வந்தவங்க மடியில நாற்பது ஆல்பத்தையும் ஒண்ணா எறக்கினீங்களா?"

"ஒண்ணு கொடுப்பேன். பார்த்து முடிச்சா அடுத்தது."

"அதேதான் இது. மேல மொத்தம் எத்தனை வரன்னு கொட்டை எழுத்துல போட்டுடுறேன். பெருமைக்குப் பெருமையும் ஆச்சு."

நாலரை நிமிஷம் ஒரு நிமிஷமானது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. ஐந்நூறு பேர் முன்னால் ஒரு நிமிஷம் வெள்ளைத் திரை என்பது ஒரு யுகம். புதன், வியாழன் இரண்டு நாளும் போராடியதில் மிச்சக் குற்றவாளியும் சிக்கியது. பொருத்தம்.

பத்துப் பொருத்தம் இருக்கிறதல்லவா? ரவியின் நிரல், ஒரு பையனுக்குத் தினப் பொருத்தம் பார்க்கத் தரவுத்தளத்துக்கு ஒரு நடை போனது. கணப் பொருத்தத்துக்கு இன்னொரு நடை. ரஜ்ஜுவுக்குத் தனி நடை. ஒரு பையனுக்குப் பத்து நடை. கடுகு வாங்க ஒருமுறை, சீரகம் வாங்க ஒருமுறை என்று மளிகைக் கடைக்கு நாளெல்லாம் ஓடுகிறவனைப் போல. போய்க் கேட்டதையே அடுத்த பையனுக்கும் போய்க் கேட்டது.

"ஜெரோம், மொத்தம் எத்தனை நட்சத்திரம்?"

"என்னைக் கேட்டா? எங்க வூட்ல கீறதெல்லாம் கிறிஸ்துமஸுக்கு வாசல்ல தொங்கவுடுற ஒண்ணுதான்."

அவள் வீட்டிலும் அதே ஒன்றுதான். அந்த ஆபீஸில் ஜாதகம் தெரியாத இரண்டு பேர்தான் ஜாதக இணையதளத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சாம்பசிவனிடம் போய்க் கேட்டாள்.

"இருபத்தேழு. இதுகூடவா தெரியாது?"

"தெரியாதுன்னுதானே சார் கேக்குறேன். நாலாயிரம் பையனும் அந்த இருபத்தேழுக்குள்ளதானா?"

"அதுக்கு வெளிய பொறந்தா அவன் மனுஷனே இல்ல."

பியூலாவின் முகம் மலர்ந்ததை ஜெரோம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். இருபத்தேழு பெண் நட்சத்திரம், இருபத்தேழு ஆண் நட்சத்திரம். மொத்தம் எழுநூற்றிருபத்தொன்பது ஜோடி. ஒரே ஒரு தடவை எல்லாவற்றுக்கும் பார்த்து ஒரு அட்டவணையில் எழுதி வைத்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம் பொருத்தம் பார்க்க வேண்டாம், எடுத்துக் காட்டினால் போதும்.

சாம்பசிவனுக்கு அது பிடிக்கவில்லை. "பொருத்தம்கிறது ஒவ்வொரு ஜோடிக்கும் புதுசா, மனசு வெச்சுப் பார்க்கணும். முன்கூட்டியே சமைச்சு டப்பாவுல அடைச்சு வைக்கிறதா?"

"சார், அஸ்வினிப் பொண்ணுக்கும் ரோகிணிப் பையனுக்கும் நேத்து என்ன வந்துதோ அதானே இன்னைக்கும் வரும்? நேத்து ஆறுன்னா இன்னைக்கு ஏழாயிடுமா?"

"அது எப்படி ஆகும்?"

"அப்ப இதே கேள்வியை எதுக்குத் தினம் நாலாயிரம் தடவை கேக்கணும்? சாமியே கடுப்பாயிடும்."

அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று பியூலா வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டனைத் தட்டினாள். கண் இமைப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. ஜெரோம் விசிலடித்தான். சத்தம் கேட்டு வந்த சாம்பசிவன், "தள்ளு, என் ஜாதகத்தையே போட்டுப் பார்க்கறேன்" என்று உட்கார்ந்தார். தன் நட்சத்திரம் கிருத்திகை, மனைவியுடையது அனுஷம் என்று கொடுத்தார். பதிலும் உடனே வந்தது. அவர் முகம் கறுத்தது.

"என்னம்மா இது! எனக்கும் திரிபுரசுந்தரிக்கும் ராசிப் பொருத்தம் இல்லைன்னு காட்டுது!"

"அது சரியாத்தானே சார் காட்டுது?" என்று வாய்விட்ட ஜெரோம், அடுத்த கணமே ஸ்கேனருக்குப் பின்னால் மறைந்தான்.

"அவ விருச்சிகம், நான் ரிஷபம். ஏழாம் ராசி, அம்சமான பொருத்தம்! இது என்னை மேஷம்னு எடுத்துக்கிட்டு ஆறாம் ராசிங்குது. பொறந்ததிலேர்ந்து ரிஷபமா இருந்தவனை ஒரே மத்தியானத்துல மேஷமாக்கிட்டியே! கிருத்திகை ஒண்ணாம் பாதம்தான் மேஷம். மத்த மூணு பாதமும் ரிஷபம். இதுக்குத்தான் சொன்னேன், டப்பாவுல அடைக்காதேன்னு."

பியூலாவுக்குக் காதெல்லாம் சூடானது. தப்பு அவளுடையதுதான். நட்சத்திரத்துக்கு ஒரு ராசிதான் இருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டி, ராசியைத் தனியாகக் கேட்பதையே எடுத்துவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு பேர் முன்னால் இது நடந்திருந்தால்? ரவி சிரிக்கிற சிரிப்பு சோழிங்கநல்லூரிலிருந்தே கேட்டது. ஆனால் அழுகிற ரகமில்லை அவள்.

"இந்த மாதிரி எத்தனை நட்சத்திரம் சார் ரெண்டு ராசியில கால் வெச்சுகினு இருக்கு?"

அவர் விரல்விட்டு எண்ணினார். "கிருத்திகை, மிருகசீரிஷம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி. ஒன்பது."

"அந்த ஒன்பதையும் ரெண்டு ரெண்டா வெட்டிட்டா மொத்தம் முப்பத்தாறு. அவ்ளோதானே?"

"முப்பத்தாறு நட்சத்திரமா? எந்தப் பஞ்சாங்கத்துலடி இருக்கு?"

"என் பஞ்சாங்கத்துல சார்."

அட்டவணை ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு ஜோடியாக வளர்ந்தது. சனிக்கிழமை முழுக்கச் சாம்பசிவன் கையில் பஞ்சாங்கத்தோடு எதிரில் உட்கார்ந்து, எங்கேயாவது மடக்கிவிடலாம் என்று கண்டபடி ஜோடி சொல்லிக்கொண்டே இருந்தார். விசாகம் துலாம், விசாகம் விருச்சிகம், புனர்பூசம் கடகம். ஒன்றிலும் மடக்க முடியவில்லை. அந்தி சாயும்போது அவருக்கே அது விளையாட்டாகிப்போனது. கடைசியில் தன்னையும் மனைவியையும் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "ஏழாம் ராசி" என்று திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிறு மண்டபம் நிரம்பி வழிந்தது. வெளியே மழை தூற, குடைகள் வாசலில் குவிந்தன. பெருங்களத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா முதலில் எழுந்து, "பொண்ணு விசாகம், நாலாம் பாதம்" என்றார். பியூலா பட்டனைத் தட்டினாள். மேடையில் சாம்பசிவன் பழக்க தோஷத்தில் மைக்கைப் பிடித்து, "அது வர்றதுக்குள்ள ஒரு சின்ன சம்பவம். என் கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்பு..." என்று ஆரம்பித்தார்.

முன்வரிசையில் ஒருவர், "சார், வந்துடுச்சு" என்றார்.

"வந்துடும், வந்துடும். நடுரோட்ல கார் நின்னுபோச்சு..."

"சார், பேஜ் வந்துடுச்சு சார்! பின்னாடி திரும்பிப் பாருங்க!"

அவர் திரும்பினார். திரையில் இருபது மாப்பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மண்டபமே சிரித்தது. நாதஸ்வரக்காரர் அன்றைக்குக் காரைத் தள்ளவே இல்லை. அதற்கப்புறம் ஆளாளுக்கு நட்சத்திரத்தைக் கூவ, ஏலக்கடை மாதிரி ஆகிவிட்டது.

பந்திக்கு முன்னால் சாம்பசிவன் மைக்கில், "இந்த வேகத்துக்கெல்லாம் காரணம் நம்ம அருள்மேரி பொண்ணு. பாவம்..." என்று இழுத்தார்.

பியூலா எட்டி மைக்கை வாங்கினாள். "அருள்மேரி எங்கம்மா. என் பேரு பியூலா. பாவம் கீவம் ஒண்ணும் இல்ல, பி.சி.ஏ." திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சாம்பசிவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு மைக்கில், "பியூலா. நாளையிலேர்ந்து பர்மனென்ட்" என்றார். கொஞ்சம் யோசித்து, "பி.சி.ஏ." என்றும் சேர்த்துக்கொண்டார்.

மின்சார ரயிலில் பல்லாவரம் வந்து, பஸ் பிடித்து, அனகாபுத்தூர் சந்தில் கணுக்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அருள்மேரி ஸ்டூல் மேல் ஏறி வாசலில் காகித நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, பர்மனென்ட் பண்ணிட்டாரு. நாளைக்கே போயி அந்த வூட்டு வேலைய வுட்டுட்டேன்னு சொல்லிடு."

"நாளைக்கு இன்னாத்த சொல்றது? நேத்தே நின்னுட்டேன்."

பியூலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நேத்தா? பேஜ் ஓடுமா ஓடாதான்னு எனக்கே தெரியலியே! ஓடலன்னா உன் வேலையும் போயி என் வேலையும் போயி..."

"ஓடலன்னா அந்தம்மா மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது? ஓடிச்சின்னா அந்தம்மா என் மூஞ்சில எப்பிடி முழிக்கும்? எப்பிடிப் பாத்தாலும் பேஜாரு. அதான் ரெண்டுக்கும் சேத்து முன்னாடியே நின்னுட்டேன்." அருள்மேரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீ மட்டுந்தான் முன்கூட்டியே கணக்கு போட்டு வெப்பியா? சும்மா நிக்காம அந்த பல்பை எடுத்துக் குடு."