கொசுவுக்கு ஒரு பெல்ட்

அந்த வீட்டில் யாராக இருந்தாலும் சோபாவில் உட்காருவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீ இடியா, மின்னலா?

இரண்டும் டி.வி.யில் வரும் மல்யுத்த நிகழ்ச்சிகள். நடத்துவது ஒரே கம்பெனிதான். திங்கட்கிழமை இடி, வெள்ளிக்கிழமை மின்னல். இதற்கு ஆட்கள் தனி, அதற்கு ஆட்கள் தனி; பட்டமும் பெல்ட்டும் தனித்தனி. பூட்டுக்கடை வைத்திருக்கும் அப்பா இடி. ஸ்கூல் வேன் ஓட்டும் அம்மா மின்னல். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதையெல்லாம் கம்பெனிக்காரன் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறான் என்பது இருவருக்கும் நன்றாகத் தெரியும். அதற்குப் பெயர் புக்கிங். "பொய்ச்சண்டையை உட்கார்ந்து பார்க்கறீங்களே" என்று சிரித்த சொந்தக்காரர்கள் சிலர் உண்டு. அவர்கள் இப்போது அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை. சினிமாவில் செத்தவனுக்காக மூக்கைச் சிந்துகிற ஜனம்தானே இதுவும்? என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது!

இந்த வீட்டுப் பெண்ணைத்தான் நம் லிஃப்ட் மெக்கானிக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவள் கூரியர் ஆபீசில் எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆட்டிவைக்கிறவள். ஒருநாள் அந்த ஆபீஸ் லிஃப்ட் அவளை உள்ளே வைத்துக்கொண்டு பாதியில் நின்றது. இவன் போய்க் கதவைத் திறந்தபோது நன்றி வரவில்லை, "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று ஒரு கேள்விதான் வந்தது. அன்றைக்கு விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"எங்க அப்பா சரின்னு சொல்லணும். அவர் வேண்டாம்னா எனக்கும் வேண்டாம். அவர் மனசைக் கஷ்டப்படுத்திட்டு என்னால சந்தோஷமா இருக்க முடியாது" என்று அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். அதோடு தேதியும் குறித்துக் கொடுத்தாள். "வர்ற ஞாயித்துக்கிழமை காலையில வா. பெரிய ஷோ அன்னைக்குத்தான். இடி, மின்னல் ரெண்டு பக்கத்து ஆளுங்களும் வருவாங்க. வேற நாள் வேண்டாம்."

மல்யுத்தத்தில் அவனுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. ஆனாலும் காதலித்தவன் என்ன செய்வான்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடி மோட்டார் ரூமில் உட்கார்ந்து, செல்போனில் பழைய ஆட்டங்களையெல்லாம் பார்த்துத் தள்ளினான். இடியின் சாம்பியன் கோடாலி, மின்னலின் சாம்பியன் ராஜாளி என்று பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தான். படிக்கப் போன இடத்தில் ஒரு ஆளின் மேல் உண்மையாகவே பிரியமும் வந்துவிட்டது.

அவன் பெயர் கொசு. ஒல்லியாக, காது மட்டும் பெரிதாக இருப்பான். வருஷா வருஷம் இரண்டு பக்கத்துக்கும் ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவது அவன்தான். வாரா வாரம் தோற்பான். ஆனால் எப்படித் தோற்பான் தெரியுமா! அவன் விழுகிற விழுகையைப் பார்த்தால்தான் அடித்தவனுக்கு அவ்வளவு பலமா என்று நமக்கே பயம் வரும். நசுங்கிக் கிடந்தபடியே ஒரு கையை மட்டும் தூக்கி, கூட்டத்தைப் பார்த்து ஆட்டுவான். அந்தக் கையைப் பார்த்து மெக்கானிக்கின் கண் ஒருநாள் கலங்கிவிட்டது. உடனே அவளுக்குப் போன் போட்டுப் புலம்பினான். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எல்லாம் சரி. எங்க வீட்ல வந்து இப்படிப் புலம்பிடாதே" என்றாள். "எந்தப் பக்கமும் சாயாதே. இடின்னா அம்மா கோவிச்சுக்குவாங்க, மின்னல்னா அப்பா. யார் என்ன சொன்னாலும் நல்லா இருக்குன்னு தலையாட்டு. அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான். நீள சோபாவின் ஒரு ஓரத்தில் அப்பா, மறு ஓரத்தில் அம்மா, நடுவில் அவள். இவனுக்கு, சோபாவின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் குட்டை மேஜை, அதில் டீ.

"தம்பி இடியா, மின்னலா?" என்றார் அப்பா, சுற்றி வளைக்காமல்.

"ரெண்டுமே நல்லா இருக்கு சார்."

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோடாலி கையில ஒரு வருஷமா பெல்ட் இருக்கே, அதைப் பத்தி என்ன நினைக்கிறே?" இது அம்மா.

"நல்ல முடிவுங்க. அவருக்குத் தகுதி இருக்கு."

"போன மாசம் ராஜாளி, நாற்காலியால அடிச்சு ஜெயிச்சானே?" இது அப்பா.

"அதுவும் நல்ல முடிவுதான் சார். கம்பெனி யோசிச்சுத்தான் பண்ணியிருப்பாங்க."

கம்பெனி யோசித்துச் செய்தது என்று ஒரு வார்த்தை அந்தச் சுவர்களின் காதில் விழுந்ததே கிடையாது. அப்பா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

"யோசிச்சா? கம்பெனியா?" என்றார். "இடியில வளர்ந்து வந்த ஒரு புதுப் பையனை இழுத்து இழுத்து என்ன பண்ணி வச்சிருக்கானுங்க, தெரியுமா உனக்கு? போன வருஷமே அவன் இடுப்புல பெல்ட்டைக் கட்டியிருக்கணும். சூடு இருக்கும்போதே கட்டணும் தம்பி. பார்ப்போம் பார்ப்போம்னு இழுத்துட்டு, எல்லாம் ஆறிப்போன அப்புறம் கட்டினா கைதட்ட ஆளு இருக்காது!"

"இந்த ஒரு விஷயத்துல அவர் சொல்றது சரி" என்றாள் அம்மா. அவர் சொல்வது சரி என்று அம்மா ஒப்புக்கொள்வதா! அப்பாவே கொஞ்சம் ஆடிப்போனார்.

"ஆமாங்க, நீங்க சொல்றதும் சரிதான்" என்றான் மெக்கானிக்.

போயிற்று. இத்தனை காலம் எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பேரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். ரசிகன் என்றால் குறை சொல்வான். விடிந்தால் எழுந்தால் குறை சொல்வான். குறை சொல்லிக்கொண்டே அடுத்த வாரமும் வந்து உட்காருவான். குறையே சொல்லாதவன் ஒன்று கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனசில் இருப்பதை வெளியே சொல்லாத அமுக்கனாக இருக்க வேண்டும். அமுக்கனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அப்பாவின் முகத்தில் 'முடியாது' என்பது எழுதி ஒட்டியிருந்தது. மெக்கானிக் உதவிக்கு அவளைப் பார்த்தான். அவள் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து டி.வி.யில் கொசு வந்தான்.

அதுவும் பட்டத்துக்கான ஆட்டம்! பெரிய பட்டம் இல்லை, நடுத்தரப் பட்டம்தான்; ஆனாலும் பெல்ட் பெல்ட்தானே. எதிரே தூண் என்று ஒரு மலைமாடு. கொசு விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். கடைசியில் கயிற்றின் மேல் ஏறிக் குதித்துத் தூணைச் சாய்த்தே விட்டான். சாய்த்து மேலே படுத்தான். நடுவர் தரையைத் தட்டத் தொடங்கினார்; மூன்று தட்டு தட்டினால் பெல்ட் கொசுவுக்கு. ஒன்று. இரண்டு. மெக்கானிக் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். மூன்றாவது தட்டுக்குக் கை இறங்கும்போது அரங்கத்தில் விளக்கெல்லாம் அணைந்தது.

வெளிச்சம் திரும்பியபோது, எப்போதோ ஓய்வு பெற்றுப்போன ஒரு கிழட்டு நட்சத்திரம் நடுவில் நின்றது. கூட்டம் கூரை பிய்கிற மாதிரி கத்தியது. அவர் கொசுவைத் தூக்கி ஒரு போடு போட்டார். தூண் சாவகாசமாக எழுந்து வந்து கொசுவின் மேல் படுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. கொசு கிடந்தபடியே ஒரு கையைத் தூக்கி ஆட்டினான். கேமரா அதைக்கூடக் காட்டாமல் கிழவரின் பக்கம் திரும்பிவிட்டது.

அப்பா ஓரக்கண்ணால் மெக்கானிக்கைப் பார்த்தார். பூட்டுக்காரர் அல்லவா, எந்தச் சாவி திரும்பும் என்று போட்டுப் பார்க்கிற பழக்கம். "சரியான முடிவு" என்றார் நிதானமாக. "அந்தப் பயல் இடுப்புல பெல்ட் நிக்குமா? நழுவிக் காலுக்கு வந்துடும்."

"என்ன சரியான முடிவு!"

மெக்கானிக் எழுந்த வேகத்தில் முழங்கால் பட்டு மேஜை எகிறியது. டீ கப் பறந்து தரையில் விழுந்து சில்லு சில்லாயிற்று. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எது சரியான முடிவு? வாரா வாரம் முதுகு உடைய விழறான். அவன் விழுந்ததாலதானே கோடாலி பெரிய ஆளு? அவன் விழுந்ததாலதானே ராஜாளி பெரிய ஆளு? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஜெயிக்க விட்டா கம்பெனி கவுந்துடுமா? அதுல வந்து நுழையுது பாருங்க ஒரு கிழம்! அதுக்கு நாளைக்கு வேலை இருக்கா? இல்ல. வந்துச்சு, கைதட்டல் வாங்கிச்சு, வீட்டுக்குப் போய்த் தூங்கிடும். நாளைக்குக் காலையில மறுபடி எழுந்து விழப்போறது யாரு? கொசு! இதை எழுதினவனை எங்க லிஃப்ட்ல ஏத்திப் பாதியில நிறுத்தி வைக்கணும். உங்களுக்கு ஒண்ணுமே தெரியல மாமா!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவன் காதிலேயே விழுந்தது. காதல், கல்யாணம், இரண்டு தடவை இஸ்திரி போட்ட சட்டை எல்லாம் பாழ்.

"மாமாவா?" என்றார் அப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, வாய்க்குள்ள இவ்வளவு வச்சுக்கிட்டா இந்தப் பையன் இத்தனை நேரம் ஆமாம் ஆமாம்னு மாடு மாதிரி தலையாட்டினான்?"

அப்பாவும் சிரித்துவிட்டார். சோபாவிலிருந்து எழுந்து வந்து அவன் தோளில் தட்டி, நாற்காலியில் உட்கார வைத்தார். "கிழவன் விஷயத்துல நீ சொன்னது நூத்துக்கு நூறு. நானும் அதைத்தான் நினைச்சேன். உன் வாயைப் பிடுங்கத்தான் மாத்திச் சொன்னேன்."

"அப்புறம் என்ன, தேதி பார்க்க வேண்டியதுதானே?" என்றாள் அம்மா.

அப்பாவின் சிரிப்பு அங்கேயே நின்றது. சோபாவுக்குத் திரும்பிப்போய் ரிமோட்டை எடுத்தார், வைத்தார். "என்ன இப்ப அவசரம்? ஒரு ரெண்டு வருஷம் போகட்டுமே. நல்லா பழகட்டும். பார்ப்போம்."

இரண்டு வருஷமா? ஒரு தடவை திறந்த வாய் அவ்வளவு சுலபமாக மூடுமா?

"இழுக்கறீங்க மாமா" என்றான்.

"என்னது?"

"பார்ப்போம் பார்ப்போம்னு இழுக்கறீங்க. சூடு இருக்கும்போதே கட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க? ஆறிப்போன அப்புறம் கட்டினா கைதட்ட ஆளு இருக்காதுன்னு சொன்னீங்களே. இது மோசமான புக்கிங்."

வருஷக்கணக்காகக் கம்பெனிக்காரனைத் திட்டிய அதே வசனம் இப்போது அவர் மேலேயே திரும்பி வந்திருந்தது. அப்பா மகளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அது இல்லய்யா. இவ எப்பவும் நடுவுல உட்காருவா. நானும் இவ அம்மாவும் கத்திக்குவோம். அளவு மீறினா இவ கையைத் தூக்கி நிறுத்திடுவா, நடுவர் மாதிரி. இவ இல்லேன்னா எங்க சண்டை நிஜச் சண்டையாயிடும். எனக்குப் பயமா இருக்கு."

"இவ பிறக்கிறதுக்கு முன்னாடி யார் இருந்தாங்க நடுவுல?" என்றாள் அம்மா.

"யாரும் இல்ல. அதான் மாசத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் தூக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போனே. மறந்துட்டியா?"

அம்மா மறக்கவில்லை. உடைந்த கப்பின் சில்லுகளைப் பொறுக்க மகள் எழுந்துவிட்டிருந்தாள்; அந்தக் காலியிடத்தில் தள்ளி உட்கார்ந்து, அவர் பக்கத்திலிருந்த ரிமோட்டை எடுத்துக்கொண்டாள். மகள் சில்லு பொறுக்குகிற சாக்கில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

"திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ரெண்டு பேரும் இங்க வந்துடறோம் மாமா" என்றான் மெக்கானிக். "இவ நடுவுல உட்காரட்டும். எனக்கு இந்த நாற்காலியே போதும்."

அப்பா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். பிறகு, "நாற்காலி எதுக்கு? நாலு பேர் உட்கார்ற மாதிரி சோபா வாங்கிக்கலாம்" என்றார். அப்பா சரி சொல்கிற விதம் அதுதான்.

அப்போதுதான் நால்வரும் டி.வி.யைத் திரும்பிப் பார்த்தார்கள். கோடாலிக்கும் ராஜாளிக்கும் நடந்த கடைசி ஆட்டம் முடிந்து, அரங்கத்தில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"யார் ஜெயிச்சாங்க?" என்றாள் அம்மா.

ஒருவருக்கும் தெரியவில்லை.

"எவன் ஜெயிச்சிருந்தாலும் தப்பான முடிவுதான்" என்றார் அப்பா. மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

அவனை வழியனுப்ப வாசல்வரை அவள் வந்தாள். "நீதானே தலையாட்டச் சொன்னே? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உங்க அப்பா என்னை வெளியே தள்ளியிருப்பாரு!" என்று அவன் பல்லைக் கடித்தான்.

"வந்தவுடனே ஜெயிக்கிறவனை எங்க வீட்ல யாருக்கும் பிடிக்காது" என்றாள் அவள். "முதல்ல கடுப்பேத்தணும். அப்புறம் அடி வாங்கணும். அதுக்கப்புறம் எழுந்தாத்தான் கைதட்டுவாங்க. இன்னைக்குக் கொசு மேட்ச் இருக்குன்னு எனக்குத் தெரியும். அவன் தோப்பான்னும் தெரியும். அவன் என்னைக்கு ஜெயிச்சான்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான் அவன்.

"சொன்னா நடிச்சிருப்பே. உனக்கு நடிக்க வராது."

அவன் தெருவில் இறங்கினான். இரண்டடி நடந்தவன் திரும்பி வந்தான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் குறை ஒன்று சொல்லாவிட்டால் இனி அவனுக்கும் தூக்கம் வராது போலிருந்தது.

"எல்லாம் சரி. அந்த டீ கப்பை உடைக்கிற இடம் மட்டும் கொஞ்சம் ஓவர்."

"அதை நான் எழுதல" என்றாள் அவள். "அது உன் சொந்தச் சரக்கு."